உயிரணுவின் எரிபொருளைத் தேடிய சுப்பாராவ்

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எம். புதுப்பட்டிக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். அதே மருந்து, மிக அதிக அளவில், மூளையில் உருவாகும் லிம்போமா கட்டிக்கும் ஏற்றப்படுகிறது. அதற்கு வழி திறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்தார். ஸ்ப்ரூ என்ற குடல் நோய் இரு சகோதரர்களைக் கொண்டுபோனது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

உண்ட சோற்றின் ஆற்றலை நம் உயிரணுக்கள் ஏ.டி.பி. என்ற பொருளாக்கிச் செலவிடுகின்றன. ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து தசையில் அதைக் கண்டறிந்தார் சுப்பாராவ். புற்றுக்கட்டியோ ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையை அரைகுறையாகவே எரித்து, மிச்சத்தைத் தன்னைப் பெருக்கிக்கொள்ளச் செலவிடும். மூளைக்கட்டிகளிலும் இதே கதைதான். அந்தப் பெருக்கத்துக்கு ஃபோலிக் அமிலமும் வேண்டும்.

1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்ப்ரூவுக்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது! இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அவ்வகைப் பொருளைக் கொடுத்த டாக்டர் சிட்னி ஃபார்பர், நோய் வேகமெடுப்பதைக் கண்டார். உடனே அதற்கு எதிரானதைக் கேட்டார். சுப்பாராவின் குழு அமினோப்டெரின் அனுப்பியது. சில குழந்தைகளுக்குச் சில மாதங்கள் நோய் தணிந்தது. மெத்தோட்ரெக்சேட் அதன் உடன்பிறப்பு.

1948 ஆகஸ்ட் 8இல் நியூயார்க்கில் 53 வயதில் இறந்தார். நோபல் பரிசு இல்லை. 1995இல் இந்திய அஞ்சல்துறை ஒரு தபால்தலை வெளியிட்டது.