சிறை அடக்காத குரலை நோய் அடக்கியது: கவிஞர் நஸ்ருலின் 34 ஆண்டு மௌனம்

புது தில்லி: ஆங்கிலேய அரசு சிறையில் அடைத்தும் அடக்க முடியாத ஒரு குரலை, மூளையைத் தாக்கிய நோய் சில வாரங்களில் அடக்கிவிட்டது. கிளர்ச்சிக் கவிஞர் என வங்க மக்கள் போற்றும் காஜி நஸ்ருல் இஸ்லாம் 1942-ல் தமது 43-ஆவது வயதில் பேச்சை இழந்தார். 1976-ல் மறையும் வரை அவர் ஒரு கவிதையும் எழுதவில்லை. நாடு விடுதலை பெற்றதும், வங்கம் இரண்டானதும், வங்கதேசம் பிறந்ததும் அந்த மௌனத்தின் இடையே நிகழ்ந்தவை.

வறுமையில் பிறந்தவர்

மேற்கு வங்கத்தில் ஆசன்சோல் அருகே உள்ள சுருலியா கிராமத்தில் 1899 மே மாதம் நஸ்ருல் பிறந்தார். தந்தை மசூதியின் இமாம். அவர் 1908-ல் காலமானதும் குடும்பச் சுமை சிறுவனின் தோளில் இறங்கியது. தொழுகைக்கு அழைப்பு விடுப்பவராகவும், நாட்டுப்புற நாடகக் குழுவில் பாடல் புனைபவராகவும், ரொட்டிக் கடைப் பணியாளராகவும் உழைத்தார். 1917-ல் பள்ளிப் படிப்பை விட்டு ராணுவத்தில் சேர்ந்து, கராச்சியில் ஹவில்தார் நிலைக்கு உயர்ந்தார். 1920-ல் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் கொல்கத்தா திரும்பி, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராக அறியப்பட்ட முசாஃபர் அகமதுவுடன் இணைந்து பத்திரிகைப் பணியில் இறங்கினார்.

1922 ஜனவரியில் வெளியான 'பித்ரோஹி' என்ற கவிதை அவரை ஒரே நாளில் வங்கம் முழுவதும் அறியச் செய்தது. அதே ஆண்டு அவர் தொடங்கிய 'தூமகேது' இதழ் முழு விடுதலையைக் கோரியது. காங்கிரஸ் கட்சி அதே கோரிக்கையைத் தீர்மானமாக ஏற்க மேலும் 7 ஆண்டுகள் ஆயின.

சிறையும் தேர்தலும்

துர்க்கையின் வருகையை முன்வைத்து ஆட்சியைச் சாடிய கவிதைக்காக நஸ்ருல் கைது செய்யப்பட்டார். 1923 ஜனவரியில் அவருக்கு ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. தாகூர் தமது 'வசந்த' நாடகத்தை, சிறையில் இருந்த இந்த இளைஞருக்குக் காணிக்கையாக்கினார். ஹூக்ளி சிறையில் கைதிகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து நஸ்ருல் ஏறத்தாழ 40 நாள்கள் உண்ணாவிரதம் இருந்தார். அதைக் கைவிடுமாறு தாகூர் அனுப்பிய தந்தியைச் சிறை அதிகாரிகள் அவரிடம் சேர்க்காமல் திருப்பி அனுப்பினர்.

1924-ல் பிரமீளா என்ற இந்துப் பெண்ணை மணந்தார். மதம் மாறுமாறு மனைவியை அவர் கேட்கவில்லை. மூத்த மகனுக்குக் கிருஷ்ண முகம்மது எனப் பெயரிட்டார். இரு தரப்பிலும் இருந்த பழமைவாதிகள் அவரைச் சாடினர்.

1926-ல் மத்திய சட்டப்பேரவைத் தேர்தலில் கிழக்கு வங்கத் தொகுதி ஒன்றில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். சொத்து உடையோருக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. அவர் யாருக்காகப் பாடினாரோ அந்த உழவர்களிலும் தொழிலாளர்களிலும் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலில் இல்லை. வென்றிருந்தால், 1927 ஜனவரியில் தில்லியில் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் முதன்முதலாக அமர்ந்த அவையில் அவரும் இருந்திருப்பார்.

அதன்பின் இசையில் மூழ்கினார். இஸ்லாமியப் பக்திப் பாடல்களையும் காளி பாடல்களையும் ஒருவரே எழுதினார். அவரது பாடல்களின் எண்ணிக்கை 3,000-க்கும் மேல் எனக் கணக்கிடப்படுகிறது.

தடுமாறிய நாக்கு

துயரம் இல்லத்தில் தொடங்கியது. 1930-ல் மகன் புல்புல் பெரியம்மையில் இறந்தான். 1939-ல் பிரமீளாவுக்கு இடுப்புக்குக் கீழே செயல் அற்றுப்போனது. சிகிச்சைச் செலவுக்காக இசைத்தட்டு உரிமைத்தொகையை நஸ்ருல் அடகு வைத்தார்.

1942 ஜூலையில் கொல்கத்தா வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி ஒன்றின்போது அவரது நாக்கு தடுமாறியது. பேச முடியாமல் வீடு திரும்பினார். ஹோமியோபதியும் ஆயுர்வேதமும் பயன் தரவில்லை. சில மாதங்களில் நினைவும் குலைந்து, மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். மூளை நரம்பு நோய்க்கும் மனநோய்க்கும் வேறுபாடு காண வழி குறைவாக இருந்த காலம் அது. மூளை, தண்டுவட அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித் துறை இந்தியாவில் 1949-ல்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது.

ராஞ்சி முதல் வியன்னா வரை

அதன்பின் 10 ஆண்டுகள் அவர் ஏறத்தாழ மறக்கப்பட்டார். 1952-ல் அன்பர்கள் சிகிச்சைக் குழு ஒன்றை அமைத்து அவரை ராஞ்சி மனநல மருத்துவமனையில் சேர்த்தனர். பயன் இல்லாததால் 1953-ல் கணவன், மனைவி இருவரையும் லண்டனுக்கும், பின்னர் வியன்னாவுக்கும் அனுப்பினர். ஜனசங்கத்தை நிறுவிய ஷியாம பிரசாத் முகர்ஜியும் இம்முயற்சிக்குத் துணை நின்றார். உழவர், தொழிலாளர் கட்சியின் கவிஞருக்கு இந்து மகாசபைத் தலைவராக இருந்தவர் உதவியது அக்கால வங்க அரசியலின் மற்றொரு முகம்.

லண்டன் மருத்துவர்கள் எடுத்த படம், மூளையின் முன்பகுதி சுருங்கிவிட்டதைக் காட்டியது. வியன்னாவில் டாக்டர் ஹான்ஸ் ஹாஃப், இது பிக் நோய் என்றும் குணப்படுத்த இயலாது என்றும் முடிவு கூறினார். 1953 டிசம்பரில் நஸ்ருல் கொல்கத்தா திரும்பினார்.

பிராகாவில் பணியாற்றிய ஆர்னால்ட் பிக் 1892-ல் விவரித்த நோய் இது. இதில் டௌ என்னும் புரதம் நரம்பணுக்களில் திரண்டு, மூளையின் முன்மடலும் பக்கமடலும் சுருங்குகின்றன. நினைவாற்றல் மங்குவதற்கு முன்பே பேச்சும் நடத்தையும் மாறிவிடும். இறந்தபின் மூளைத் திசுவை ஆராய்ந்தால்தான் முற்றிலும் உறுதி செய்ய இயலும். இந்நோய் கண்டவர்கள் பொதுவாக 10 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவதால், 34 ஆண்டுகள் வாழ்ந்த நஸ்ருலைத் தாக்கியது அதுதானா என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. ஆயினும் நோயை நிறுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

எழ முடியாத பிரமீளா, படுக்கையில் இருந்தபடியே கணவருக்கு உணவளித்துப் பேணினார். 1962-ல் அவர் இறந்தபோது, அந்த இழப்பைச் சொற்களால் வெளியிடக் கணவரால் இயலவில்லை.

டாக்காவில் முடிவு

இந்திய அரசு 1960-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. பிரிந்து நின்ற இரு வங்கங்களின் அரசுகளும் உதவித்தொகை அளித்தன. 1972 மே மாதம், புதிதாகப் பிறந்த வங்கதேசத்தின் வேண்டுகோளை ஏற்று இந்திய அரசு அவரை டாக்காவுக்கு அனுப்பியது. 1976-ல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற அவர், அதே ஆண்டு ஆகஸ்ட் 29-ல் காலமானார். டாக்கா பல்கலைக்கழக மசூதியின் அருகே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. பிரமீளாவின் கல்லறை சுருலியாவில் உள்ளது. இரு கல்லறைகளுக்கும் இடையே இன்று ஒரு நாட்டின் எல்லை ஓடுகிறது.

ஆசன்சோலில் பல்கலைக்கழகமும் அண்டாலில் விமான நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் அவரைப் போன்ற நோயாளிகளுக்கு நாடு தந்த இடம் சிறியது. 2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக உயர்த்தியது. நாள்பட்ட நரம்பியல் நோய்களுக்கு எடுத்துக்காட்டாக அது பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. மூளைத் தேய்வினால் வரும் மறதி நோய்கள் அந்தப் பட்டியலில் பெயரளவில்கூட இடம்பெறவில்லை. ஒரு மாபெரும் கவிஞருக்கே நோயின் பெயரை அறிய 11 ஆண்டுகள் பிடித்த நாட்டில், பெயரறியாத ஏழை நோயாளியின் குரல் அவைக்கு எட்ட இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ?