எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் வான் முல்லர்

சாமர்த்தியசாலியை நம் பெரியவர்கள் எம்டன் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அச்சொல் முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயராகும். அதன் தலைவர் கார்ல் வான் முல்லரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஹானோவர் நகரில் பிறந்த முல்லர், 1891இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது கண்ட மலேரியாக் காய்ச்சல் அவரை வாழ்நாளெல்லாம் வாட்டியது. 1913இல் எம்டனின் தலைவரானார்.

1914இல் போர் மூண்டதும், நிலக்கரிக் கப்பல் ஒன்று துணைவர, வங்காள விரிகுடாவில் நுழைந்தார். கம்பியில்லாத் தந்தியே அவருக்குக் காதாக விளங்கியது. எதிரிகளின் செய்திகளைக் கேட்பார். தாம் செய்தி அனுப்பாமல் மௌனம் காப்பார். மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டனில் கித்தான் துணியால் நான்காவதைக் கட்டி, ஆங்கிலேயக் கப்பலைப் போல் தோன்றச் செய்தார். இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். ஆயினும் அவற்றில் இருந்த மாலுமிகளைக் கண்ணியமாக நடத்தி விடுவித்தார்.

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் சென்னையைக் குண்டுகளால் தாக்கியது. துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சில உயிர்களும் பலியாயின. மக்கள் அஞ்சி நகரைவிட்டு ஓடினர்.

நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் வீரர்களை அனுப்பினார். அதற்குள் அங்கிருந்தோர் கம்பியில்லாத் தந்தியில் அபாயச் செய்தி அனுப்பிவிட்டனர்! அதுவரை அவரைக் காத்த கருவியே அவரைக் காட்டிக்கொடுத்தது. விரைந்து வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் பெரிய பீரங்கிகளுக்கு எம்டன் ஈடுகொடுக்க இயலவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தம் வீரர்களை இழந்த முல்லர், எஞ்சியோரைக் காக்கக் கப்பலைக் கரையில் மோதி நிறுத்திச் சரணடைந்தார்.

மால்டாவிலும் இங்கிலாந்திலும் சிறையிருந்த அவர், 1923ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் காலமானார். தோழர்களின் இரத்தத்தால் பணம் சேர்க்க மனமின்றி, தம் அனுபவங்களை நூலாக எழுத மறுத்தார் என்பர்.

அன்று குண்டு விழும்வரை எம்டன் வந்ததைச் சென்னை அறியவில்லை. இன்றோ நம் உச்சிப்புளியில் உள்ள இந்தியக் கடற்படையின் பருந்து விமானதளம் கடலைக் கண்காணிக்கிறது. கருவிகள் வளர்ந்துகொண்டே போகும். அவை எவர் பக்கமும் நிலையாக நிற்பதில்லை என்பதை முல்லரின் வாழ்வு காட்டுகிறது. எதிரியின் உயிரையும் மதித்த அவருடைய இரக்கமே இன்றும் நிலைத்திருக்கிறது. அத்தகைய உள்ளத்தையும், போரில்லா உலகையும் நமக்குத் தந்தருள இறைவனை வேண்டுவோமாக.