குருதியில் விடை தேடியவர்

உடலினுள் பரவிவிட்ட புற்றுநோய், மருத்துவத்தால் தணிகிறதா இல்லையா என்பதை அறிவது ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. அவ்வினாவுக்கான விடையைக் குருதியில் தேடிய அறிஞர் சார்லஸ் ஹக்கின்ஸ்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்த அவர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அங்குச் சிறுநீரியல் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சி பெறாத அத்துறையைத் தாமே கற்றுத் தேர்ந்தார்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த புரோஸ்டேட் சுரப்பி அவரது ஆய்வுக்களம் ஆயிற்று. மனிதரைப் போலவே நாய்களுக்கும் முதுமையில் இச்சுரப்பி வீங்குவதுண்டு. எனவே, அவர் நாய்களிடம் ஆய்வு மேற்கொண்டார். ஆண் ஹார்மோன் நீங்கினால் சுரப்பி சுருங்குவதையும், அதனை மீண்டும் செலுத்தினால் சுரக்கத் தொடங்குவதையும் கண்டார். புற்றுநோய்ச் செல்கள் உடலின் கட்டுப்பாட்டை முற்றிலும் மீறியவை என்று பலர் கருதிய காலம் அது. அவையும் ஹார்மோனைச் சார்ந்து வளரக்கூடுமோ என அவர் ஐயுற்றார்.

ஐயம் தெளிய அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. புரோஸ்டேட் புற்றுநோய் எலும்பிற்குப் பரவியோரின் குருதியில் அமில பாஸ்படேஸ் என்னும் நொதி மிகுவதைப் பிற ஆய்வாளர்கள் முன்னரே கண்டறிந்திருந்தனர். ஹக்கின்ஸ் அந்நொதியையே அளவுகோலாகக் கொண்டார். நோய் முற்றியவர்களுக்கு விரைகளை அகற்றியோ பெண் ஹார்மோன் அளித்தோ ஆண் ஹார்மோனின் செயலை ஒடுக்கினார். நொதியின் அளவு சரிந்தது; பலருக்கு எலும்பு வலியும் தணிந்தது. கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் இணைந்து 1941இல் இம்முடிவுகளை வெளியிட்டார்.

இம்மருத்துவம் நோயை வேரறுக்கவில்லை. பலருக்கு அது மீண்டும் தலைதூக்கியது. ஹக்கின்ஸ் தளராது அட்ரீனல் சுரப்பிகளின் பங்கையும் மார்பகப் புற்றுநோயையும் ஆராய்ந்தார். 1966இல் பெய்டன் ரௌஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், 1997 ஜனவரி 12இல் தமது 95ஆம் வயதில் மறைந்தார்.

இன்று அந்நொதியின் இடத்தைப் பிஎஸ்ஏ என்னும் புரதம் பெற்றுள்ளது. அதனை அளக்க உயிரி உணரிகள் உருவாக்கப்படுகின்றன. அவற்றின் மின்வாயில் பதிக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள் குருதியிலுள்ள அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும்போது உண்டாகும் மின்மாற்றமே அளவாகப் பதிவாகிறது. சாதாரண வீக்கத்தாலும் இப்புரதம் மிகும் என்பதால், மருத்துவர் பிற சோதனைகளையும் செய்த பின்னரே நோயை உறுதிப்படுத்துவர். கருவிகள் எத்துணை நுட்பமானாலும், குருதியின் அளவையும் நோயாளியின் துயரையும் ஒருங்கே நோக்கிய ஹக்கின்ஸின் நெறியே அவற்றுக்கு வழிகாட்டுகிறது.