சேற்றுக்குள் ஒண்டுக்குடித்தனம்

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. ஆனா சமுத்திரம்னு ஒரு ஏரி இருக்கு, மலையடிவாரத்துல. போன லீவுல அந்தக் கரைச் சேற்றை ரெண்டு லிட்டர் பாட்டில்ல அள்ளி, கிழிச்ச நியூஸ்பேப்பர், ஒரு முட்டை மஞ்சள்கரு கலந்து ஹாஸ்டல் ஜன்னல்ல வெச்சேன். சில வாரத்துல அடியில் கருப்பு, நடுவில் ஊதா, மேலே பச்சைன்னு அடுக்கு பிரிஞ்சிடுச்சு. நாத்தத்துக்காக ரூம்மேட் இன்னும் என்னை மன்னிக்கல.

இந்த பாட்டிலுக்கு 'வினோகிராட்ஸ்கி தூண்' என்று பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போறேன்.

செர்கெய் வினோகிராட்ஸ்கி 1856-ல் கீவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். முதலில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், பிடிக்கவில்லை. அறிவியலுக்கு மாறினார், சலித்துவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் பியானோ படித்தார். அதையும் விட்டு 1877-ல் மறுபடி அறிவியல். பிராஞ்ச் மாத்தினதுக்கு வீட்டில் திட்டு வாங்கினவங்க இந்தப் பாராவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கலாம்.

1885-ல் ஸ்ட்ராஸ்பர்க் போய், கந்தகத்தை எரித்தே பிழைக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பிறகு ஜூரிக். நைட்ரஜன் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறுவது ஏதோ உயிரின் வேலை என்று அதற்கு முன்பே தெரியும். அந்த உயிரைத்தான் யாராலும் பிடிக்க முடியவில்லை. அப்போதெல்லாம் சத்துள்ள ஜெலட்டின் தட்டில் பாக்டீரியா வளர்ப்பதுதான் வழக்கம். அதில் வேண்டாதது எல்லாம் வளர்ந்தது, வேண்டியது மட்டும் வளரல. வினோகிராட்ஸ்கி நேரெதிராக யோசித்தார். சர்க்கரை, புரதம் எதுவும் போடாமல், அமோனியா உப்பும் கொஞ்சம் தாது உப்புகளும் மட்டும் கொடுத்தார். மற்றதெல்லாம் பட்டினியில் ஒதுங்க, தேடினது சிக்கியது. வெயிலே இல்லாமல் கார்பன் டை ஆக்சைடிலிருந்து தன் உடம்பைக் கட்டிக்கொள்ளும் உயிர் அது. ஒளிச்சேர்க்கை இல்லாமல் முடியாது என்று நம்பியிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லைங்க.

அது ஒரே ஆளும் இல்லை. அமோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது இன்னொரு கூட்டம். பக்கத்து வீட்டுக் குப்பைதான் இவங்க வீட்டுச் சாப்பாடு. (ரெண்டு வேலையையும் ஒரே ஆளே செய்யும் பாக்டீரியாவும் உண்டு என்பது 2015-ல்தான் தெரிந்தது.)

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். பீட்டர்ஸ்பர்க் திரும்பியவர், காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து வைக்கும் ஒரு கிளாஸ்ட்ரிடியத்தைப் பிரித்தெடுத்தார். பாஸ்டர் நினைவாக அதற்குப் பெயரும் வைத்தார். அதற்கு ஆக்சிஜன் ஆகாது. அப்புறம் காற்றுபடும் மண்ணில் எப்படி வாழுது? கூட இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை முதலில் தின்று தீர்த்துவிடுகின்றன. அந்த மறைவில் இது பிழைக்கிறது.

கரையோரக் கடல்தரைச் சேற்றிலும் இதே ஒண்டுக்குடித்தனம்தான். பல இடங்களில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழம் வரைதான் இறங்கும். மக்கும் பொருளிலிருந்து கீழே உருவாகும் அமோனியா மேலே வரும். அங்கே நைட்ரேட் ஆகும். அதில் கொஞ்சம் மறுபடி கீழே இறங்க, அங்கே இருப்பவை ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்தே சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். சில ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கின தடிமனுக்குள் மாடி வீடு, கீழ் வீடு எல்லாம் இருக்கு.

ஐம்பது வயதை ஒட்டி வேலையை விட்டுவிட்டு உக்ரைனில் இருந்த தன் பண்ணைக்குப் போனார். ஆராய்ச்சி அத்தோடு நின்றது. பதினைந்து வருஷம் கிட்ட விவசாயம் பார்த்தார். ரஷ்யப் புரட்சியில் பண்ணை போனது, சொத்து போனது, நாடும் போனது. பெல்கிரேடில் கொஞ்ச நாள் பாடம் நடத்தினார். 1922-ல் பாஸ்டர் நிறுவனம் கூப்பிட, பாரிஸ் அருகே பிரி-கோம்ட்-ரோபேர் என்ற ஊரில் மறுபடி லேப் தொடங்கினார். வயது 66. பிளேஸ்மென்ட்ல ரெண்டு கம்பெனி கைவிட்டதுக்கே ஒரு வாரம் சாப்பிடாம இருந்த ஆளு நான்.

அங்கே அவர் பிடிவாதமாகச் செய்தது ஒன்று. தனியாகப் பிரித்து, ஊட்டி வளர்த்த பாக்டீரியாவை வைத்து மண்ணைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது, அண்டை அயலோடு மண்ணில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றார். ஐம்பது வருஷ வேலையைத் தொகுத்து 1949-ல் மண் நுண்ணுயிரியல் புத்தகம் வெளியிட்டார். 1953-ல் 96 வயதில் அதே ஊரில் இறந்தார்.

என் பாட்டில்ல இப்போ ஊதாப் பட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கு. பார்க்கணும்னா ரூமுக்கு வாங்க. மூடியை மட்டும் திறக்காதீங்க.