மாற்றணித் தலைவர் அளித்த பாராட்டு

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கீழக்கடையம் என்றொரு நிலையம் உண்டு. குற்றாலத்தில் சாரல் இறங்கும் நாள்களில் அந்தக் காற்றின் ஈரம் கடையத்து வயல்களையும் எட்டும். மேற்கே மலைத்தொடர், ஊரை ஒட்டி வில்வவனநாதரும் நித்திய கல்யாணியும் உறையும் திருக்கோயில் என அமைந்த அமைதியான ஊர் அது. 2019 ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமானபோது கடையமும் அதனுள் அடங்கியது. மகாகவி பாரதியார் தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் வாழ்ந்த ஊர் என்பதால், நம் வட்டாரக் கவிஞர்க்கு அது தனி உரிமையுடைய ஊராகும்.

பாரதியாரின் வரலாறு பலரால் பலவாறு எழுதப்பெற்றுள்ளது. அவற்றுள் பெரிதும் பேசப்படாத ஓர் இழையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தாம் கடுமையாக எதிர்த்த தலைவர்களிடமிருந்து பாராட்டும் உதவியும் வந்தபோது அக்கவிஞர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே அது. விருதும் பொன்னாடையும் மலிந்துவிட்ட இக்காலத்தில், தம் கொள்கைக்கு மாறான தலைவர் ஒருவர் மேடையில் கை குவித்துப் பாராட்டும்போது தலை தாழ்த்துவதா, முகம் திருப்புவதா என்ற தடுமாற்றம் எழுதுவோர் பலர்க்கும் நேர்வதுண்டு. பத்தாண்டு நிறைவு கொண்டாடும் வேளையில் கவிஞர் கூடிச் சிந்திக்கத் தக்க பொருள் இதுவெனக் கருதுகிறோம்.

பாரதியார் 1882 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். இளம் பருவத்திலேயே அரசவைப் புலவர் முன்னிலையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். 1897 இல் கடையத்துச் செல்லம்மாளை மணந்தார். தந்தையார் மறைவுக்குப் பின் காசியில் சில ஆண்டுகள் கழித்து, மீண்டும் எட்டயபுரம் சமஸ்தானத்தில் பணி செய்தார். 1904 இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராயிருந்து, அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். 1906 இல் தொடங்கிய இந்தியா வார இதழில் அவருடைய எழுதுகோல் முழு விடுதலை பெற்றது.

அக்காலத்தில் காங்கிரஸ் இயக்கம் இரு கூறாய்ப் பிளந்து நின்றது. விண்ணப்பத்தாலும் விவாதத்தாலும் படிப்படியாக உரிமை பெறலாம் என்றனர் மிதவாதிகள். சுதேசியமும் அந்நியப் பொருள் விலக்கும் சுயராஜ்யமுமே வழி என்றனர் திலகர் வழி நின்றோர். பாரதியார் ஐயத்திற்கிடமின்றித் திலகர் பக்கம் நின்றார். இந்தியா இதழின் கட்டுரைகளும் கேலிச் சித்திரங்களும் மிதவாதத் தலைவர்களை வாட்டின. சென்னை மிதவாதிகளுள் முதல் வரிசையில் இருந்த வி. கிருஷ்ணசாமி ஐயரும் அக்கணைகளுக்குத் தப்பவில்லை.

கிருஷ்ணசாமி ஐயர் எளிய மனிதரல்லர். உயர் நீதிமன்றத்தில் பெரும்புகழ் பெற்ற வழக்கறிஞர். மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியைத் தோற்றுவித்தவர். 1906 இல் அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப் பல குடும்பங்கள் சேமிப்பை இழந்தபின், 1907 இல் இந்தியன் வங்கி உருவாக முன்னின்றவர். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினராகவும் விளங்கியவர். கோகலேயின் வழியில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். பாரதியார் வெறுத்த அரசியலின் சென்னை முகம் அவரே எனில் மிகையாகாது.

1907 ஆம் ஆண்டில் இந்தியன் ரிவ்யூ ஆசிரியரும் மிதவாதியுமான ஜி. ஏ. நடேசன், இளங்கவிஞரைக் கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார். பாரதியார் தம் நாட்டுப் பாடல்களைப் பாடினார். கேட்ட ஐயர் உள்ளம் உருகினார். அரசியல் பகை அவ்வேளையில் அவர் செவியை அடைக்கவில்லை. பாராட்டு வாய்ச்சொல்லோடு நிற்கவுமில்லை. பாடல்களுள் மூன்றைச் சுதேச கீதங்கள் என்னும் தலைப்பில் சிறு வெளியீடாகத் தம் செலவிலேயே 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியாரின் கவிதை இதழ்ப் பக்கங்களை விட்டு வெளியேறித் தனி அச்சாகத் தமிழ் மக்கள் கைக்குச் சென்றது இவ்வாறுதான். தீவிரவாதக் கவிஞரின் தேசியப் பாடல்களைப் பரப்பியது மிதவாதத் தலைவரின் பணம் என்பது தமிழிலக்கிய வரலாற்றின் இனிய முரண்களுள் ஒன்று.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பாரதியார் அப்பாராட்டை ஏற்றார். எதிரணித் தலைவரின் அச்சுக்கூலி தம் பாடலைத் தீட்டுப்படுத்தும் என்று அவர் எண்ணவில்லை. பாடல் நாட்டைப் பற்றியது. நாடு ஓர் அணியாருக்கு மட்டும் உரியதன்று. தம் அணியார் மட்டுமே தம் பாட்டைச் சுவைக்க வேண்டும் என்னும் கவிஞன் தன் பாட்டைத் தானே சிறுமைப்படுத்துகிறான். இரண்டாவது, பாராட்டை ஏற்றபின்னும் அவர் அரசியல் மாறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சூரத் நகரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்கு வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலியோருடன் சென்று திலகர் அணியில் நின்றார். மாநாடு குழப்பத்தில் கலைந்து காங்கிரஸ் பிளந்தது. ஊர் திரும்பிய பின்னரும் மிதவாதத்தை எதிர்த்து எழுதும் கை ஓயவில்லை. 15,000 படிகளுக்கு நன்றிக்கடனாக ஒரு தலையங்கத்தையேனும் அவர் மென்மையாக்கியிருப்பின் அந்தப் பாராட்டு கையூட்டாகியிருக்கும். அவர் அவ்வாறு ஆக விடவில்லை.

கிருஷ்ணசாமி ஐயரின் பெருமையையும் மறக்கலாகாது. தம்மை ஏசும் இதழின் ஆசிரியர் என்பதால் பாட்டின் சுவையைக் குறைத்துக் கூறும் சிறுமை அவரிடம் இல்லை. நாட்டுப்பற்று தீவிரவாதிகளின் தனிச்சொத்தன்று என்று காட்டும் எண்ணமும் அவருக்கு உள்ளூர இருந்திருக்கலாம். அரசியல் தலைவர் எவர் செய்யும் பாராட்டிலும் அத்தகைய கணக்கு சிறிதளவேனும் கலந்தே இருக்கும். கணக்கு இருக்கிறது என்பதற்காகச் சுவை பொய்யாகிவிடாது. 1911 டிசம்பரில், ஐம்பது அகவை நிறையுமுன்பே அவர் மறைந்தார். அப்போது பாரதியார் புதுச்சேரியில் இருந்தார்.

புதுச்சேரி வாழ்வு 1908 இல் தொடங்கியது. அவ்வாண்டு வ. உ. சி. கடுந்தண்டனை பெற்றார். இந்தியா இதழின் சட்டப்படியான ஆசிரியர் சிறைப்பட்டார். பாரதியார் பிரெஞ்சு எல்லைக்குள் புகுந்தார். 1911 ஜூன் 17 ஆம் நாள் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷை, நம் அண்டை ஊரான செங்கோட்டையின் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றபின், புதுச்சேரியில் தங்கியிருந்த தேசபக்தர்கள் மீது ஒற்றர் கண்கள் மேலும் கூர்மையாயின. வருவாய் வற்றியது. ஆயினும் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தது அவ்வறுமையில்தான்.

அங்கிருந்தபோதே 1914 இல் அன்னி பெசன்ட் அம்மையாரை எள்ளி நகையாடும் அங்கதக் கதை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். பொன்வால் நரி என்று தமிழில் அறியப்படும் நூல் அது. தியாசபிகல் சபைத் தலைவியான அம்மையார் மீது எய்த அம்பு மென்மையானதன்று. அதன்பின் அம்மையார் ஹோம் ரூல் இயக்கம் கண்டார். 1917 இல் காவலில் வைக்கப்பெற்றார். அவ்வாண்டே கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமையும் தாங்கினார்.

1918 நவம்பர் 20 ஆம் நாள் புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியார் கைதாகிக் கடலூரில் சிறை வைக்கப்பெற்றார். அவர் விடுதலைக்கு முயன்றவர்களுள் ஏ. ரங்கசாமி ஐயங்காரும் சி. பி. ராமசாமி ஐயரும் இருந்தனர். அவர்களோடு அன்னி பெசன்ட் அம்மையாரும் இருந்தார். நரியென்று இகழப்பெற்றவர், இகழ்ந்த கவிஞரின் விடுதலைக்குக் குரல் கொடுத்தார். டிசம்பர் 14 ஆம் நாள் கதவு திறந்தது. பாரதியார் மனைவி மக்களோடு கடையம் வந்து சேர்ந்தார்.

இவ்வுதவி முந்தைய பாராட்டைப் போன்றதன்று. 1907 இல் கிடைத்தது விலையில்லாப் பாராட்டு. 1918 இல் கிடைத்த விடுதலைக்கு அரசு விலை வைத்தது. அரசியலினின்று விலகியிருத்தல், எழுத்துகளைக் காவல் துறையின் பார்வைக்கு உட்படுத்துதல் என்னும் கட்டுப்பாடுகளோடுதான் அவர் வெளிவந்தார். உதவியவர்மீது இக்குறையைச் சுமத்த இயலாது. ஆயினும் பெற்றவர் எதையும் இழக்கவில்லை என்று சொல்வதும் உண்மையாகாது. பத்தாண்டு அஞ்ஞாதவாசத்தால் களைத்திருந்த ஒரு குடும்பத் தலைவர், பேனாவின் ஒரு பகுதியை அடகு வைத்து வெளிக்காற்றை வாங்கினார். வாசகராகிய நாம் அதனைக் குற்றமாக எழுத வேண்டியதில்லை. மறைக்கவும் வேண்டியதில்லை.

கடையத்தில் வறுமை விடவில்லை. 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புதுச்சேரியில் இருந்தபோது சின்னச் சங்கரன் கதையில் ஜமீன் ஆடம்பரத்தை நகைத்தவர் அவரே. அக்கதை முற்றுப்பெறாது நின்றது. இப்போது அதே வகைச் சபையை நோக்கி ஓலை விடுக்கிறார். ஆனால் ஓலையின் குரலைக் கேட்டவர் அறிவர், அதில் இரவலன் குரல் இல்லை. புலவன் அரசனுக்கு நிகராக நின்று தனக்குரிய மரியாதையைக் கேட்கும் குரலே ஒலிக்கிறது. அங்கிருந்து உதவி வரவில்லை. பகைவர் ஈந்த காலமும் உண்டு, உறவுடைய சபை கைவிட்ட காலமும் உண்டு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1920 இல் கடையத்திலிருந்தே தம் நூல்கள் நாற்பதையும் அச்சிட்டுப் பரப்ப ஒரு பெருந்திட்டம் வகுத்து அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். ஒவ்வொரு நூலிலும் 10,000 படிகள் என்பது அவர் கணக்கு. அதற்கும் போதிய ஆதரவு கிட்டவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மூன்று பாடல்களுக்கு ஒரு மாற்றணித் தலைவர் தனியொருவராய்ச் செய்ததை, நாற்பது நூல்களுக்கு நண்பர் உலகம் கூடியும் செய்யவில்லை. அவ்வாண்டு கட்டுப்பாடுகள் நீங்கியபின் சென்னை சென்று மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்தார். 1921 செப்டம்பரில், நாற்பதாம் அகவை நிறையுமுன் மறைந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து கவிஞர்க்குச் சில அளவுகோல்கள் கிடைக்கின்றன. மாற்றுக் கருத்துடைய தலைவர் நம் எழுத்தைப் பாராட்டினால், அவர் பாராட்டுவது எழுத்தையா, எழுதியவரின் மௌனத்தையா என்று முதலில் பார்க்க வேண்டும். எழுத்தையெனில் நன்றி கூறுவதில் இழிவில்லை. நன்றி என்பது உடன்பாடு ஆகாது. பாராட்டுக்கு முன் எழுதிய சொல்லும் பின் எழுதும் சொல்லும் ஒன்றாகவே இருக்குமானால், மேடையில் விழுந்த மாலை கழுத்தை நெரிக்காது. மாலைக்குப் பின் எழுதுகோல் தயங்கத் தொடங்கினால், தயங்கிய அன்றே அதைக் கழற்றிவிடுதல் நன்று.

பாராட்டை மறுப்பதும் சில வேளைகளில் கடமையாகலாம். கொடுக்கும் கை மக்கள் துயரை மறைக்கப் பூவைத் தேடும்போது, ஏற்கும் கவிஞர் அம்மறைப்பில் பங்காளராகிறார். ஆனால் ஒவ்வொரு கைகுவிப்பிலும் சூழ்ச்சியையே காண்பது, கவிதைக்கு மனத்தை மாற்றும் ஆற்றல் இல்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாகும். எதிரணியின் செவியில் ஒருமுறையேனும் இறங்காத பாட்டு, தன் அணியின் கைதட்டலுக்காக மட்டுமே பிறந்த பாட்டு. கிருஷ்ணசாமி ஐயரின் செவியில் இறங்கிய பாடல்கள் அத்தகையன அல்ல. ஆகவே அவை இரு அணிகளும் மறைந்த பின்னும் வாழ்கின்றன.

மிதவாதம், தீவிரவாதம் என்ற அன்றைய பெயர்கள் இன்று வரலாற்று மாணவர்க்கே உரியவை. அந்த 15,000 தாள்களில் அச்சேறிய பாடல்களோ நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் நாவில் இருக்கின்றன. அவற்றைக் கற்பிக்கும்போது எழுதியவர் பெயரோடு, தம்மை எதிர்த்தவரின் பாட்டை அச்சிட்டு வழங்கியவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோமாக. நம் வட்டத்து மேடையிலும் மாற்றுக் கருத்துடையார் எழுதிய நல்ல கவிதைக்கு முதல் கைதட்டல் எழுவதாக.