பணிவும் சகோதரத்துவமும் குடிகொண்டிருந்த கியாஸ்பூர் சபை

ஒரு மார்க்க சபையின் பெறுமதி அங்கு கூடுவோரின் எண்ணிக்கையிலோ மேடையின் அலங்காரத்திலோ தங்கியிருப்பதில்லை. அங்கு வந்து அமர்பவர் எழுந்து செல்லும்போது தன்னைச் சிறிதாகவும் அருகிலிருப்பவரைப் பெரிதாகவும் காணக் கற்றுக்கொண்டாரா என்பதே அதற்கான உரைகல்லாகும். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் டில்லிக்கு அண்மையில், யமுனை நதிக்கரையிலுள்ள கியாஸ்பூர் என்னும் சிற்றூரில் கூடிய சபை இந்த உரைகல்லில் தேறியதொன்றாகும். அதன் தலைவராக வீற்றிருந்தவர் சிஷ்திய்யா வழிவந்த ஸூபி ஞானி ஹஸ்ரத் நிஸாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களாவர்.

1238ஆம் ஆண்டளவில் வட இந்தியாவின் பதாயூன் நகரில் பிறந்த அன்னாரின் முன்னோர் புகாரா நகரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். சிறு பராயத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் பீபி ஸுலைஹா வறுமையின் மத்தியிலும் மகனின் கல்வியைக் கைவிடவில்லை. வீட்டில் உண்ண ஏதுமில்லாத நாட்களில், இன்று நாம் இறைவனின் விருந்தாளிகள் என்று கூறி மகனைத் தேற்றுவது அந்த அம்மையாரின் வழக்கம். தானியம் கிடைத்துச் சில நாட்கள் தொடர்ந்து உணவு உண்ண நேர்ந்தால், அந்த விருந்து மீண்டும் எப்போது கிட்டுமென மகன் ஏங்குவாராம். பசியை இழிவாகக் கருதாத அந்த மனநிலையே பிற்காலத்தில் பிறர் பசியைத் தன் பசியாக உணரும் தன்மையாகக் கனிந்தது எனலாம்.

உயர்கல்விக்காக டில்லி வந்த இளைஞர் விவாதங்களில் வல்லவரெனப் பெயர் பெற்றார். காழி பதவியோ ஆசிரியப் பதவியோ அவருக்கு எட்டாக்கனியாக இருக்கவில்லை. ஆயினும் இருபது வயதளவில் அவரது நாட்டம் வேறு திசையில் சென்றது. இன்று பாக்கிஸ்தானில் பாக்பட்டன் என வழங்கும் அஜோதனுக்குச் சென்று, பாபா பரீத் (ரஹ்) அவர்களிடம் முரீதாகச் சேர்ந்தார்.

அங்கு அவர் கற்ற முதற்பாடம் பணிவாகும். டில்லியில் உடன் பயின்ற நண்பரொருவர் அஜோதன் விடுதியில் தங்கியிருந்தபோது, கிழிந்த ஆடையுடன் நின்ற நிஸாமுத்தீனைக் கண்டு மனம் வருந்தினார். டில்லியிலேயே தங்கிக் கற்பித்திருந்தால் பெரும் அறிஞராகச் செல்வத்துடன் வாழ்ந்திருக்கலாமே என்றார். இதனைக் கேள்வியுற்ற பாபா பரீத், சமையற்கூடத்திலிருந்து ஒரு தட்டு நிறைய உணவு வரவழைத்து, அதனைத் தலையில் சுமந்து சென்று அந்த நண்பருக்குக் கொடுக்குமாறு பணித்தார். கடைத்தெரு வழியே உணவுத் தட்டைச் சுமந்து வந்த பழைய விவாத வீரரைக் கண்டு நண்பர் நெகிழ்ந்து போனார். திரும்பும்போது தட்டைத் தனது பணியாள் சுமக்கட்டும் என அவர் கூறியும் நிஸாமுத்தீன் இணங்கவில்லை. தலையில் வந்த தட்டு தலையிலேயே திரும்பியது.

இரண்டாவது பாடம் உளத்தூய்மை. கடன் பட்டவர் கடன் கொடுத்தவரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற குருவின் உபதேசம் அவரது உள்ளத்தைத் தைத்தது. டில்லியில் துணி வியாபாரி ஒருவருக்கு 20 ஜித்தல் நாணயம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்னொருவரிடம் இரவல் வாங்கிய நூல் தொலைந்து போயிருந்தது. டில்லி திரும்பியதும் கையில் சேர்ந்த 10 ஜித்தலுடன் வியாபாரியிடம் சென்று, எஞ்சியதைப் பின்னர் தருவதாகக் கூறினார். அவர் அதனைப் பெற்றுக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்தார். நூலுக்குரியவரிடம் அதனைப் பிரதி செய்து தருவதாகக் கூறியபோது, அவரும் அந்நூலை அன்பளிப்பாக்கி விட்டார். மனிதருக்குரிய கடனைத் தீர்க்காமல் இறைவனை நெருங்க முடியாது என்பதில் அன்னார் கொண்டிருந்த உறுதியை இது காட்டுகின்றது.

குருவின் ஆசியுடன் கலீபாவாகப் பொறுப்பேற்ற அவர், பின்னர் கியாஸ்பூரில் நிலைகொண்டார். அங்கிருந்த ஜமாஅத் கானாவில் அறிஞரும் எழுத்தறிவற்றோரும், படைவீரரும் வணிகரும், அரசவைக் கவிஞரும் அன்றாடங்காய்ச்சிகளும் ஒரே விரிப்பில் அமர்ந்தனர். மாபெரும் கவிஞரான அமீர் குஸ்ரூ அங்கு ஒரு சாதாரண சீடர். மற்றொரு கவிஞரான அமீர் ஹஸன் ஸிஜ்ஸி 1308 முதல் 1322 வரை அச்சபைகளில் கேட்டவற்றைப் பாரசீக மொழியில் தொகுத்தார். பவாயிதுல் புஆத் எனப்படும் அந்நூலின் மூலமே அச்சபையின் உயிர்ப்பை நாம் இன்று அறிய முடிகின்றது.

ஒருநாள் சபையில் நிழலில் இடமில்லாமையால் சிலர் வெயிலில் அமர்ந்திருந்தனர். அதைக் கவனித்த அன்னார் பேச்சை நிறுத்தி, நிழலில் இருந்தோரைச் சற்று நெருங்கி அமர்ந்து அவர்களுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொண்டார். வெயிலில் இருப்பது அவர்கள். எரிவதோ தமது உடல் என்றார். சகோதரத்துவம் பற்றிய நீண்ட பிரசங்கங்கள் உணர்த்தாததை இந்த ஒரு கணம் உணர்த்திவிடுகின்றது. நெருங்கி அமர்வதற்கு நிழலில் உள்ளவர் தமது வசதியில் சிறிதை விட்டுக்கொடுக்க வேண்டும். சகோதரத்துவத்தின் விலையும் அவ்வளவுதான்.

அவரது சமையற்கூடத்தில் தினமும் பெருந்தொகையானோர் உண்டனர். அவரோ பெரும்பாலும் நோன்பிருந்தார். ஸஹர் வேளையில் உணவு கொண்டுவரப்படும்போது, பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத்திண்ணைகளிலும் பசியோடு உறங்குவோரை நினைத்து, கவளம் தொண்டையில் இறங்காமல் கண்ணீர் வடிப்பார். தம்மை ஓயாது பழித்துத் தொல்லை கொடுத்து வந்த ஒருவர் இறந்தபோது, அவர்மீது தமக்கு எவ்விதக் குறையும் இல்லையென இறைவனிடம் முறையிட்டு அவருக்காகப் பாவமன்னிப்புக் கோரினார்.

எளியோரிடம் பணிந்த அவர் அதிகாரத்தின் முன் வளையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஜலாலுத்தீன் கில்ஜி கிராமங்களை மானியமாக வழங்க முன்வந்தபோது, சீடர்கள் பசியில் வாடிய நிலையிலும் அதனை ஏற்க மறுத்தார். அலாவுத்தீன் கில்ஜி காண வர விரும்பியபோது, தமது இல்லத்துக்கு இரண்டு வாசல்கள் உள்ளன, சுல்தான் ஒன்றால் நுழைந்தால் தாம் மற்றையதால் வெளியேறுவோம் என்று அறிவித்தார். 1320இல் சில மாதங்கள் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த குஸ்ரூ கான் அரச கருவூலத்திலிருந்து அனுப்பிய 5 இலட்சம் தங்காவை உடனடியாக ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். அடுத்து அரியணை ஏறிய கியாஸுத்தீன் துக்ளக் அதனைத் திருப்பிக் கேட்டபோது, பொது நிதி உரியவர்களிடமே சேர்ந்துவிட்டது என்பதே பதிலாக அமைந்தது. இதனால் ஏற்பட்ட அரச அதிருப்தியை அவர் பொருட்படுத்தவில்லை.

1325ஆம் ஆண்டில் மரணம் நெருங்கியபோது, களஞ்சியத்தில் ஒரு மணி தானியமும் மிஞ்சாமல் பகிர்ந்துவிடுமாறு கட்டளையிட்டார். அங்கு தங்கியிருந்தோருக்கெனப் பணியாளர் சிறிது ஒதுக்கி வைத்திருப்பதை அறிந்ததும் மனம் வருந்தி, களஞ்சியத்தைத் திறந்துவிட்டு மக்களை அள்ளிச் செல்லச் செய்தார். வெறுமையான களஞ்சியத்தை விட்டுச் சென்றவரின் பெயரிலேயே அச்சிற்றூர் இன்று நிஸாமுத்தீன் என வழங்குகின்றது. அவரது அடக்கத்தலத்தின் அருகே அமீர் குஸ்ரூவும், 1681இல் மறைந்த முகலாய இளவரசி ஜஹானாராவும் உறங்குகின்றனர். சக்கரவர்த்தி ஷாஜஹானின் மகளான அவரது கப்றின் மேல் கூரையில்லை. புல்லும் வானமுமே உள்ளன.

நமது காலத்தில் ஆன்மிக ஒன்றுகூடல்களுக்குக் குறைவில்லை. அவற்றில் முன்வரிசை யாருக்கு, பொன்னாடை யாருக்கு என்ற கேள்விகளுக்கும் குறைவில்லை. வெயிலில் அமர்ந்திருப்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும் சபையே கியாஸ்பூரின் உண்மையான வாரிசாகும்.