இடிபாடுகளை அளந்த மாணாக்கர்

கல்வியின் பொருட்டுப் பிறநாடு செல்லும் இளைஞரைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகின்றோம். நம் காலனியிலேயே அத்தகைய மக்களைப் பெற்ற குடும்பங்கள் பல உள. கல்விக்காகவே பிறநாட்டினின்று நம் பாரத நாட்டை நாடி வந்த ஒருவரின் வரலாற்றை, வடபுலத்தில் வாழும் நாம் சிறிது நினைத்துப் பார்ப்போம். அவரே சீனத் துறவியாகிய யுவான் சுவாங்.

கி.பி. 602 அளவில் லோயாங் நகருக்கு அருகே பிறந்த இவர், இளமையிலேயே துறவு பூண்டார். சீன மொழியில் வழங்கிய பௌத்த நூல்கள் ஒன்றற்கொன்று முரண்படக் கண்டு, மூலநூல்களை அவை பிறந்த மண்ணிலேயே கற்கத் துணிந்தார். அரசரின் ஆணை கிட்டவில்லை. 629 அளவில், முப்பது வயதும் நிரம்பாத நிலையில், எல்லைக் காவலுக்கு அஞ்சி இரவில் நடந்து நாட்டை விட்டு நீங்கினார். பாலைநிலத்தில் தண்ணீர்ப் பை கவிழ்ந்து, நீரின்றிப் பல நாள் தவித்தார் என்பர்.

இத்துணை இன்னல் கடந்து வந்தவருக்கு மகத நாட்டில் காத்திருந்த காட்சி யாது? அசோகன் ஆண்ட பாடலிபுத்திரத்தில் மதில்களின் அடித்தளமே எஞ்சியிருந்தது. நூற்றுக்கணக்கான விகாரங்களுள் இரண்டு மூன்றே நிலைத்திருந்தன. புத்தகயையில் போதி மரத்தின் முன் விழுந்து, புத்தர் வாழ்ந்த காலத்தில் தாம் பிறவாமற் போனதை எண்ணி அழுதார். தேடி வந்த பொருள் பாழாய்க் கிடக்கக் கண்ட மனம் எத்துணை சோர்ந்திருக்கும்! ஆயினும் அவர் கண்ணீருடன் நின்றுவிடவில்லை. திசையையும் தொலைவையும் குறித்துக்கொண்டார். அவருடைய பெருமை இதனாலேயே என்பது நம் கருத்து.

நாளந்தாவில் அவரை எதிர்கொண்டு வரவேற்றனர். முதியவரான சீலபத்திரர் ஆசிரியராக வாய்த்தார். நாள்தோறும் மணமிக்க மகாசாலி அரிசியும், வெற்றிலையும், 20 பாக்கும் அவருக்கு அளிக்கப்பட்டன. (விடுதி உணவைப் பற்றிக் கடிதம் எழுதும் நம் பிள்ளைகள் இதனைப் படிப்பார்களாக!) பாடம் தொடங்குமுன் அவர் அண்மையிலுள்ள ராஜகிருகத்தைக் காணச் சென்றார். மலைகள் சூழ்ந்த பழைய நகரையும், கழுகுமலையையும், வேணுவனத்தையும், வெந்நீர் ஊற்றுகளையும் கண்டார். புதிய நகரின் வெளிமதில் அழிந்திருந்தது. உள்மதிலின் அடித்தளம் மட்டும் தெரிந்தது. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 30 லீ தொலைவில் நாளந்தா உள்ளது எனத் தம் நூலிற் குறித்தார். 'லீ' என்பது சீனர் வழி அளக்கும் அளவை.

தமிழராகிய நமக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் காஞ்சிபுரத்தவர். அமைச்சரின் மகனாகப் பிறந்து, அரசகுமாரியை மணக்கவிருந்த தருணத்தில் இரவோடிரவாக நீங்கித் துறவியானவர். தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த அந்நகருக்கு யுவான் சுவாங் 640 அளவில் வந்தார். இலங்கைக்குக் கடல் கடக்க விரும்பினார். ஆனால் அத்தீவில் மன்னன் இறந்து பஞ்சமும் தோன்றிற்று என அங்கிருந்து வந்த துறவியர் கூறவே, திரும்பினார்.

645-இல் 657 நூல்களை 20 குதிரைகளில் ஏற்றிக்கொண்டு தாயகம் சேர்ந்தார். ஆணையின்றிச் சென்றவரை அரசரே சிறப்புடன் வரவேற்றார். மறு ஆண்டு பயணநூல் நிறைவுற்றது. 664-இல் மறையும் வரை 75 நூல்களை மொழிபெயர்த்தார்.

பிற்காலத்தில் நாளந்தாவும் அழிந்தது. செங்கற்குவியல் மண்மேடாயிற்று, அம்மேட்டருகே பர்கான் என்னும் சிற்றூர் இருந்தது, பழம்பெயர் மறந்தே போயிற்று. பயணநூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1857, 1858 ஆண்டுகளில் வெளிவந்தது. 1861-இல் கன்னிங்காம் என்னும் ஆங்கிலேயர், அம்மாணாக்கர் குறித்த தொலைவையும் திசையையும் துணைக்கொண்டு ராஜகிருகத்தினின்று வடக்கே நோக்கினார். அம்மேடே நாளந்தா எனத் தெளிந்தார். 1915-இல் முறையான அகழ்வு தொடங்கிற்று. 2016-இல் அவ்விடம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

விடுமுறையில் குடும்பத்துடன் அங்குச் செல்லும் அன்பர்கள் ராஜகிருகத்தையும் கண்டு வரலாம். அவர் கண்ட மதில்களுள் பல இன்று இல்லை. வெந்நீர் ஊற்றுகள் இன்றும் சுரக்கின்றன.